குறியீட்டுக்குள் மாணவரின் எழுத்து

ஆசிரியருக்கு வணக்கம்.

பாடநூல்களில் உள்ள க்யூஆர் குறியீடுகள் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தமிழ்நாட்டில் 2018-ஆம் ஆண்டு புதிய பாடநூல்கள் வரத் தொடங்கியது முதல், குறியீட்டைக் கைப்பேசியில் திறந்து காணொளி பார்ப்பது மாணவர்களுக்குப் பழகிவிட்டது. மகாராஷ்டிரத்தின் பரிதேவாடி கிராமத்தில் இம்முறையைக் கையாண்ட ஆசிரியர் ரஞ்சித்சிங் டிசலே 2020-இல் உலக அளவிலான ஆசிரியர் விருதும் பெற்றார். ஆனால் நம் பாடநூல்களில் குறியீட்டைத் திறக்கும் மாணவர் பார்ப்பவராகவும் கேட்பவராகவுமே இருக்கிறார். அதற்குள் அவருடைய எழுத்தையே வைத்தால் என்ன என்பதே ஒரு தமிழாசிரியராக என் கேள்வி.

கட்டுரை ஏட்டை ஆசிரியர் ஒருவர்தான் படிக்கிறார். சிவப்பு மையில் கையொப்பம் விழுந்ததும் அது அலமாரிக்குப் போய்விடுகிறது. எனவே ஏழாம் வகுப்பினரைப் பள்ளியில் உள்ள ஏதேனும் ஒன்றைப் பற்றி எழுதச் சொல்லி, அதைக் குறியீடாக அச்சிட்டு அந்தந்த இடத்திலேயே ஒட்டினோம். சத்துணவுக் கூடத்தைப் பற்றி எழுதிய மாணவன் அரிசி களைவது முதல் சாம்பார் இறக்குவது வரை சில வரிகளில் முடித்திருந்தான். அதைத் தம் கைப்பேசியில் படித்த சமையலர் அம்மா, "முட்டை உரிக்கிறதை விட்டுட்டியே தம்பி, அதுக்குத்தானே பாதி நேரம் போகுது" என்றார். திருத்தி எழுது என்று நான் சொன்னபோதெல்லாம் முகம் சுளித்தவன், மறுநாளே முட்டைக்கும் இரண்டு வரி சேர்த்து வந்து, ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று தானாகவே கேட்டான்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. இலவசமாகக் குறியீடு உருவாக்கித் தரும் சில தளங்கள், தங்கள் இணைய முகவரி வழியாகவே அது திறக்குமாறு அமைத்துவிட்டுச் சில நாட்களில் பணம் கேட்கின்றன. சிறு பத்தி என்றால் முகவரி ஏதுமின்றி உரையையே குறியீட்டுக்குள் பொதிந்துவிடலாம். இணையம் கிடைக்காத ஊரிலும் அது திறக்கும். ஆனால் தமிழ் எழுத்துகள் ஆங்கிலத்தைவிட அதிக இடம் பிடிப்பதால், உரை நீண்டால் கட்டங்கள் நெருங்கி, பழைய கைப்பேசிகள் படிக்கத் திணறும். அதனாலேயே மாணவர்கள் வேண்டாத சொல்லைத் தாமே வெட்டுகிறார்கள். சுருக்கி வரைதலுக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் கண்டதில்லை.

மாணவர்கள் கைப்பேசி கொண்டுவர வேண்டியதில்லை, ஆசிரியருடையதே போதும். குறியீட்டில் மாணவரின் பெயரும் படமும் இடம்பெறாதவாறு பார்த்துக்கொள்வது நல்லது. அச்சுச் செலவை மட்டும் இப்போது ஆசிரியர்களே ஏற்க வேண்டியிருப்பதால், அதைப் பள்ளி மானியத்தில் சேர்க்கக் கல்வித்துறை அனுமதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
அரசு நடுநிலைப் பள்ளித் தமிழாசிரியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.