புலி என்று போட்டிருக்கிறது, பார்த்தால் சிறுத்தை

அன்புள்ள மாரியப்பனுக்கு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக உன் மருமகள் போனில் சொன்னாள். சொட்டு மருந்தைப் பாதியில் விட்டுவிடுவாய் என்று எனக்குத் தெரியும். விடாதே. கடிதத்தைப் பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேள், கண்ணைக் கசக்காதே.

மகள் வீட்டுக்கு யோகோஹாமா வந்து மூன்று வாரம் ஆகிறது. எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போனபின் பொழுதே போகவில்லை. துறைமுகத்துப் பக்கம், பழைய பிரிட்டிஷ் துணைத் தூதரகம் இருந்த இடத்தில் ஊர் வரலாற்று ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே போனதிலிருந்து எனக்கு உன் ஞாபகம்தான். சிவகாசியில் முப்பது வருஷம் காலண்டர் அடித்தவனுக்கு வேறு யார் ஞாபகம் வரும்?

1859 வரை யோகோஹாமா சின்ன மீன்பிடி ஊர். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, ஹாலந்து என்று ஐந்து நாட்டாருக்கும் துறைமுகத்தைத் திறந்துவிட்டதும், எடோ பட வியாபாரிகளுக்கு யோகம் அடித்தது. எடோதான் இப்போதைய தோக்கியோ. 1860, 61ல் வெள்ளைக்காரர் படமாக அடித்துத் தள்ளியிருக்கிறார்கள்: குதிரை ஏறும் துரைசாமி, கூடை மாதிரிப் பாவாடை கட்டிய அம்மா, தையல் மெஷின், நீராவிக் கப்பல். யோகோஹாமா-எ என்று பெயர். 'எ' என்றால் படம்.

எல்லாம் மரக்கட்டை அச்சு. காட்டுச் செர்ரி மரத்தில் கலருக்கு ஒரு கட்டை. கட்டையின் மூலையில், 'ட'வைத் திருப்பிப் போட்ட மாதிரி ஒரு வெட்டு, அதே விளிம்பில் கொஞ்சம் தள்ளி ஒரு நேர் வெட்டு. தாளை அதில் அணைத்துப் போட்டு, மூங்கில் மட்டை சுற்றிய வட்டத்தால் முதுகில் தேய்க்க வேண்டியதுதான், மெஷினே கிடையாது. கலர் ஒன்றின்மேல் ஒன்று விலகாமல் விழ நாம் போடும் ரெஜிஸ்டர் மார்க்கேதான் மாரி! சிவப்பு ஒரு நூல் விலகியதற்கு நம் இரண்டு பேர் கூலியையும் பிடித்தார்களே, அந்த வயிற்றெரிச்சலோடு ஒரு கப்பல் படத்தின் கண்ணாடியில் மூக்கை ஒட்டித் தேடினேன். பாய்மரக் கயிறு ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது, எங்கும் விலகலே இல்லை.

அது சதாஹிதே என்பவர் 1861ல் செய்த படம். ஐந்து தாள் சேர்ந்தால் ஒரே காட்சி: கப்பலுக்கும் படகுக்கும் நடுவே பலகை போட்டுச் சரக்குச் சுமக்கிறார்கள். இந்த மனுஷன் யோகோஹாமாவை நேரில் பார்த்து வரைந்தவர். மற்றவர்களில் பலருக்கு லண்டன் வாரப் பத்திரிகைப் படங்கள்தான் மூலதனம். பத்திரிகையில் இல்லாததைக் கை தன் பழக்கத்துக்குப் போட்டுவிடும். பாதி வெள்ளைக்காரர்கள் நாடக மேடை நடிகர் மாதிரிக் காலை அகட்டி நிற்கிறார்கள், மூக்கை மட்டும் நீட்டிவிட்டிருக்கிறார்கள்.

1860ல் எடோவில் ஒரு சிறுத்தையைக் காட்சிக்கு வைத்தார்கள். உடம்பெல்லாம் புள்ளி, படத்தில் போட்டிருப்பதோ 'புலி'. சிறுத்தை என்பது பெண் புலி என்றே அங்கே நெடுநாள் நம்பிக்கை. 1863ல் ஒரு யானை வந்தது. நடு தென்ஜிகுவிலிருந்து வந்த பெரிய யானை என்று யோஷிதோயோ படம் போட்டார். தென்ஜிகு என்றால் அவர்கள் வாயில் பழைய இந்தியா! யானையைப் பார்த்தால் கெட்டது விலகி நல்லது சேருமாம். நம் கோயில் யானைக் கணக்கேதான்.

ரயில் கதை இன்னும் வேடிக்கை. ஷிம்பாஷி–யோகோஹாமா பாதை, 29 கிலோமீட்டர், 1872ல்தான் திறந்தது. அதற்கு முன்பே ரயில் படம் விற்றாகிவிட்டது. 1879ல் கியோச்சிகா நிலா வெளிச்சத்தில் கடலோரம் போகும் ரயிலை வரைந்தார். அந்தப் பாதையில் ஓடியது இங்கிலாந்து இன்ஜின், படத்தில் இருப்பது அமெரிக்க இன்ஜின். ஆனாலும் ஜன்னல் வெளிச்சமும் இன்ஜின் நெருப்பும் இருட்டில் கசிகிற அழகு இருக்கிறதே, சரியான இன்ஜினைப் போட்டு மொக்கையாக அடித்திருந்தால் நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். நீ சண்டைக்கு வருவாய், வா.

சதாஹிதே படத்தின் நகல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஆஃப்செட்தான். நீலம் கொஞ்சம் விலகியிருக்கிறது, கடைக்காரரிடம் சொல்லவில்லை. பங்குனிப் பொங்கலுக்குள் ஊர் வந்துவிடுவேன். அதற்குள் உன் கண் தெளிந்திருக்க வேண்டும்.

அன்புடன்,
சுப்பையா