மழைக்கு முன் முடிக்க வேண்டிய வேலை: பாதைக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். ஆற்றங்கரையில் தொடங்கி, காட்டுக்குள் நுழைந்து, மலை முகட்டில் ஏறி, பள்ளத்தாக்கு வழியாக மறுபடியும் ஆற்றங்கரைக்கே வந்து சேரும் நம் 14 கிலோமீட்டர் ஓட்டப் பாதையைப் பற்றி எழுதுகிறோம். மழை தொடங்கச் சில வாரங்களே இருக்கின்றன. சீரமைப்பு பாதியில் நிற்கிறது. ஆட்கள் இருக்கிறார்கள், கல் இருக்கிறது, அனுமதி இருக்கிறது. பணம்தான் இல்லை.

அந்த அனுமதியும் மழை வரும் வரைதான். ஈரம் ஏறிய சரிவில் மண்வெட்டி வைத்தால் சரிவு மேலும் இளகும். அதன்பின் பறவைகள் கூடு கட்டும் காலம். காட்டுக்குள் வேலை செய்ய விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆகவே இப்போது விட்டால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். அந்த ஓராண்டைப் பாதை தாங்குமா என்பதுதான் எங்கள் கவலை.

முகட்டுக்கு ஏறும் மூன்றாவது கொண்டை ஊசி வளைவைக் கவனித்திருப்பீர்கள். வளைவின் உள்பக்கம் முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் போல அரித்துவிட்டது. ஒரு காலத்தில் மண்ணுக்குள் இருந்த மரவேர்கள் இன்று வெளியே துருத்திக்கொண்டு, ஓடுபவர்களின் காலணி உரசி உரசி வழவழப்பாகிவிட்டன. அதன்மேல் ஈரம் பட்டால் கால் நிற்காது. அந்த இடத்தைத் தவிர்க்க ஒவ்வொருவரும் ஓரமாக ஓடியதில், ஒற்றையடிப் பாதை மூன்று தடங்களாகப் பிரிந்து, இடையில் இருந்த செடிகள் எல்லாம் மிதிபட்டு மாண்டன. செடி போனால் வேர் போகும், வேர் போனால் மண் போகும். சேற்றைக் கண்டால் ஓரம் ஒதுங்காமல் நடுவிலேயே ஓடுங்கள் என்று நாங்கள் மன்றாடுவது இதனால்தான்.

இந்தப் பாதை எப்படி வந்தது என்பதை இளையவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். யாரோ திட்டம் தீட்டி, இயந்திரம் கொண்டுவந்து வெட்டிய பாதை அல்ல இது. எங்கள் மூத்த தலைமுறை கடப்பாரையும் கூடையும் சுமந்து, விடுமுறை நாள்களை எல்லாம் கொடுத்து உருவாக்கியது. அவர்களுக்குப் பொறியியல் படிப்பு இல்லை. ஆனால் மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு சரிவில் நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்துத் தடம் குறித்தார்கள். செங்குத்தாக ஏறும் குறுக்குவழி எத்தனையோ இருந்தும், சுற்றிச் செல்லும் வழியையே தேர்ந்தார்கள். பாதையின் ஏற்றம், மலைச் சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது இன்று பாதை அமைப்பவர்கள் எல்லோரும் பின்பற்றும் விதி. 30 சதவீதச் சரிவில் பாதை 15 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. மொத்தத்தில் சராசரி 10 சதவீதத்துக்குள், அதாவது 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயர்வுக்குள் இருப்பது நல்லது. அந்தப் பெரியவர்கள் போட்ட தடத்தை நாங்கள் அளந்து பார்த்தபோது பெரும்பகுதி இந்த வரம்புக்குள் இருந்தது. பின்னால் வந்தவர்கள் அவசரத்துக்கு வெட்டிய குறுக்குவழிகள்தான் இன்று ஓடைகளாக மாறியிருக்கின்றன.

அவர்களில் சிலர் இன்றும் காலையில் ஆற்றங்கரைப் பகுதியில் மெதுவாக நடந்து வருகிறார்கள். பாப் கிரஹாம் 1932-இல் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் 42 சிகரங்களை 24 மணி நேரத்துக்குள் ஓடி முடித்த கதையை அவர்கள் சொல்லக் கேட்டுத்தான் எங்களில் பலர் மலை ஓட்டத்துக்கே வந்தோம். அவர்கள் கண்முன்னே இந்தப் பாதை அழிய நாம் விடலாமா?

போட்டு முடித்த பாதைக்கு இன்னும் என்ன செலவு என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையைப் பாருங்கள். 1921-இல் பென்டன் மக்காய் முன்வைத்த யோசனை அது. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளத்துக்கு 1937-இல் முழுமை பெற்றது. அடுத்த ஆண்டே ஒரு சூறாவளி அதன் வடகிழக்குப் பகுதியைச் சிதைத்தது. இன்று வரை அந்தப் பாதை உயிரோடு இருப்பது, தன்னார்வலர்கள் ஒவ்வோர் ஆண்டும் மரம் அகற்றி, வடிகால் தோண்டி, கல் பதிப்பதால்தான். காடும் மலையும் ஆறும் படைத்தவன் தந்தவை. பாதை மனிதர் கையால் ஆனது. கையை எடுத்தால் போய்விடும்.

இனிக் கணக்கு. ஆற்றைக் கடக்கும் மரப்பாலம், சரிவு வடிகால்கள், சதுப்பில் போடும் பலகைப் பாதை, கருவிகளும் வழிகாட்டிக் குறிகளும் என இந்த ஆண்டு வேலையின் மொத்தச் செலவை 100 பங்காகப் பிரித்தோம். பாலத்துக்கு 40, வடிகாலுக்கு 35, பலகைப் பாதைக்கு 15, மீதி 10. வந்திருப்பது 58 பங்கு. அதில் பாலத்துக்கு உரிய 40 முழுமையாகச் செலவாகிவிட்டது. அடித்தூணின் கீழே மண் அரித்துப் போயிருந்ததால் அதைத் தள்ளிப்போட முடியவில்லை. மிச்சமிருந்த 18 வடிகால் வேலைக்குப் போயிற்று. பலகைப் பாதைக்கும் கருவிகளுக்கும் கையில் எதுவும் இல்லை. பற்றாக்குறை 42 பங்கு.

இந்த 42-இல் எங்களை உறங்கவிடாதது வடிகாலுக்கு வேண்டிய 17 பங்குதான். பாலம் கண்ணுக்குத் தெரியும், எல்லோரும் பாராட்டுவார்கள். வடிகாலை யாரும் புகைப்படம் எடுப்பதில்லை. ஆனால் பாதையைக் காப்பது அதுதான். சரிவில் ஓடிவரும் நீரைப் பாதைக்குக் குறுக்கே சாய்வாகப் பதித்த ஒரு கல்வரிசை தடுத்து, ஓரத்துக்குத் திருப்பிவிடுகிறது. கல்லில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடுபவர் கால் பட்டே பெயர்ந்துவிடும். பாதையின் தளத்தையும் பள்ளத்தாக்குப் பக்கம் 5 சதவீதம் சாய்த்து வெட்டினால், நீர் பாதையோடு ஓடாமல் பாதையைக் கடந்து போய்விடும். எளிய வேலை போலத் தோன்றும். சரிவில் நின்று ஒரு கல்லை உட்கார வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

நுழைவாயிலில் பெயர் பொறித்த வளைவு கட்டுவதானால் தாராளமாகத் தருகிறோம் என்று சிலர் சொன்னார்கள். அவர்களின் மனத்தை மதிக்கிறோம். வளைவு இப்போது வேண்டாம். அதே தொகையை வடிகாலுக்குத் தாருங்கள். மொத்தப் பாதைக்கும் சிமெண்டு பூசிவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. குழு அதை ஒருமனதாக மறுத்தது. கடினத் தளத்தில் நீர் வேகம் பிடித்து ஓரத்தை அடியோடு அரிக்கும். முழங்காலுக்கும் மண்தான் நல்லது. ஸ்டீவ் பிரிஃபான்டைன் என்ற ஓட்டவீரர் ஐரோப்பாவின் மென்மையான தடங்களில் ஓடிப் பார்த்துவிட்டு, தாம் பயிற்சி செய்த யூஜீன் நகருக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று விரும்பினார். 1975-இல் கார் விபத்தில் அவர் இறந்தார். மரச்சீவல் பரப்பிய பாதை ஒன்று அதே ஆண்டு அங்கே ஆற்றங்கரையில் அமைந்து, இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் பாதையும் அதன் இயல்பிலேயே மண்ணும் சருகுமாக இருக்கட்டும்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் ஓய்வூதியம் வந்ததும் முதல் வேலையாக எங்கள் பொருளாளரைத் தேடி வருகிறார். அவரால் இப்போது முகடு ஏற முடியாது. தன் பட்டறையில் வைத்திருந்த நல்ல மரத்தைப் பாலத்தின் கைப்பிடிக்கு என்று ஒரு தச்சர் கொடுத்தார், கூலியும் வாங்க மறுத்தார். கணவரை இழந்த ஓர் அம்மா, அவர் நினைவாக முகட்டில் இருக்கை அமைத்துத் தந்தார். பெயர்ப்பலகை வேண்டாம், களைத்தவர்கள் உட்கார்ந்தால் போதும் என்றார். ஆற்றிலிருந்து கூழாங்கற்களை வரிசையாக நின்று கைமாற்றிய பள்ளிப் பிள்ளைகள், உண்டியலில் சேர்த்ததை அப்படியே கொண்டுவந்து கொட்டிய இரட்டைச் சகோதரிகள், முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை அனுப்பிய இளைஞர், தொலைவுக்குக் குடிபெயர்ந்த பின்னும் ஆண்டு தவறாமல் கொடுக்கும் பழைய ஓட்டக்காரர்கள், வேலை நடக்கும் நாளில் எல்லோருக்கும் உணவு சுமந்து வந்த குடும்பங்கள் என இந்தப் பட்டியல் நீளும். பெயர் வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் இங்கே குறிப்பிடவில்லை. ஒவ்வொருவரையும் நாங்கள் அறிவோம். அவர்கள் குடும்பம் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறோம்.

மற்றவர்களிடம் ஒன்றை உரிமையோடு கேட்கிறோம். வார இறுதியில் விடியும் முன்பே வாகனம் நிறுத்துமிடம் நிரம்பிவிடுகிறது. எங்கள் ரசீதுப் புத்தகமோ பாதிகூட நிரம்பவில்லை. விலையுயர்ந்த காலணிக்கும் கடிகாரத்துக்கும் தயங்காமல் செலவிடுகிறோம். அவற்றை மாட்டிக்கொண்டு ஓடுகிற மண்ணுக்கு ஏதேனும் கொடுத்தோமா? முகட்டில் நின்று சூரிய உதயத்தைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிய ஒவ்வொருவருக்கும் இந்தப் பாதை ஏதோ ஒரு வகையில் கொடுத்திருக்கிறது. ஏற முடியாத அந்த ஆசிரியை கொடுக்கும்போது, நாள்தோறும் ஏறி இறங்குகிற நாம் கைகட்டி நிற்பது அழகல்ல. மனம் நோகும்படி சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊர் கூடி இழுக்க வேண்டிய தேரைச் சிலரே இழுத்துக் களைத்துவிட்டார்கள் என்பதால் சொல்கிறோம்.

முழுப் பங்கு கொடுக்க இயலாதவர்கள் அரைப் பங்கோ கால் பங்கோ கொடுக்கலாம். இருவர் மூவர் சேர்ந்து ஒரு பங்கை ஏற்கலாம். தொகை எவ்வளவானாலும் பொருளாளரிடம் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கு ஆற்றங்கரை அறிவிப்புப் பலகையில் வாரந்தோறும் ஒட்டப்படும். சந்தேகம் இருந்தால் எந்தப் பக்கத்தையும் கேட்டுப் பார்க்கலாம். பணமாகத் தர இயலாதவர்கள் இம்மாத ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 6 மணிக்குப் பாலத்தருகே வாருங்கள். கையுறையும் தண்ணீரும் கொண்டுவந்தால் போதும், மண்வெட்டி நாங்கள் தருகிறோம். மூன்றாவது வளைவுக்குக் கல் சுமக்க இன்னும் ஆட்கள் வேண்டும்.

இப்படிக்கு,
பாதைப் பராமரிப்புக் குழுவினர்