அயோவாவின் எல்க் ஹார்னிலிருந்து அம்மா

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் "நல்லா இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய், அந்த அப்புறம் வருவதே இல்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? பட்டறையில் மரத்தூள் பறக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள், அப்பாவின் இருமலை நீ மறந்திருக்க மாட்டாய். காருக்கு எண்ணெய் மாற்று. வருகிற தபாலை அன்றன்றைக்கே பிரித்துப் பார்த்துவிடு, சேர்த்து வைக்காதே.

மெமோரியல் டே வார இறுதியில் நம் ஊர் டேனிஷ்காரர்கள் நடத்துகிற திருவிழா, டிவோலி ஃபெஸ்ட், நல்லபடியாக முடிந்தது. சனிக்கிழமை காலை தூறல் போட்டது, ஊர்வலம் கிளம்பும் நேரத்துக்குச் சரியாக விட்டுவிட்டது. நான் ஆறு மணிக்கே ஏபல்ஸ்கீவர், அதுதான் நம் டேனிஷ் பணியாரம், சுடப் போய்விட்டேன், உன் அக்கா மகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். ஒன்பது வயதுதான் ஆகிறது, ஆனால் பின்னல் ஊசியை உன்னை மாதிரியே பிடிக்கிறாள். குழியின் ஓரத்தில் மாவு வெந்து இறுகியதும் கால்வாசி திருப்புகிறாள், உள்ளே இருக்கிற பச்சை மாவு வழிந்து குழிக்குள் இறங்கும்வரை பொறுத்திருந்து மறுபடி கால்வாசி. ஒரேயடியாகப் புரட்டினால் நடுவில் வேகாது என்று நான் சொல்வதற்கு முன்பே அவள் எனக்குச் சொன்னாள். பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது.

எல்லோரும் உன்னைக் கேட்டார்கள். கடந்த இருபது வருஷத்தில் மெமோரியல் டேக்கு நீ வராமல் இருந்தது இதுதான் முதல் தடவை. பட்டறையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது, மினியாபொலிஸில் அவன் செய்கிற அலமாரிக்கு ஆள் காத்திருக்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், உனக்குப் பிடிக்குமென்று மெடிஸ்டர் சாஸேஜ் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன், சிவப்பு முட்டைக்கோசும் செய்து வைத்திருந்தேன். ஞாயிறு ராத்திரி அக்கா குடும்பம் ஒமாஹாவுக்குக் கிளம்பிய பிறகு அதையெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தேன்.

மில் கடையில் இப்போதும் வாரத்தில் இரண்டு நாள் போகிறேன். நெடுஞ்சாலை எண்பதிலிருந்து விலகி வருகிற வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது இது நிஜக் காற்றாலையா, பொம்மையா என்றுதான். 1848-ல் டென்மார்க்கில் நோரே ஸ்னேடே என்ற ஊரில் கட்டியது, பிரித்துக் கப்பலில் ஏற்றி 1976-ல் இங்கே கொண்டுவந்தோம் என்று சொன்னால் நம்பாமல் என் முகத்தையே பார்க்கிறார்கள். அறுநூறு பேர் இருக்கிற ஊர் இதைச் செய்ததா என்று கேட்கிறார்கள். ஹார்வி சார்ன்சன் ஆரம்பித்து வைத்தார், முன்னூறு பேருக்கு மேல் சம்பளம் வாங்காமல் வேலை செய்தார்கள், அவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர் என்று சொல்லும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு எண், மாதிரிக்குச் செய்து அனுப்பிய சின்ன மில்லிலும் அதே எண், இரண்டையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு ஏற்றினார்கள். அந்தக் கதையை அப்பா சொல்லக் கேட்டுத்தான் நீ உளியைக் கையில் எடுத்தாய். நம் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவன் நீ. டேனா கல்லூரியை 2010-ல் மூடிவிட்டார்கள், இருந்தாலும் உன் சான்றிதழ் இன்னும் முன்னறைச் சுவரில்தான் தொங்குகிறது. பட்டம் வாங்கிவிட்டுத் தச்சு வேலைக்குப் போனதில் அப்பாவுக்கு வருத்தம் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். வருத்தமே இல்லை. நீ செய்து கொடுத்த முக்காலியில் கடைசிவரை யாரையும் உட்கார விடவில்லை.

சரி, உனக்கு இங்கே மூன்று கடிதம் வந்திருக்கிறது. ஏப்ரலில் ஒன்று, மே மாதத்தில் இரண்டு. எங்கேயோ இந்த விலாசத்தைக் கொடுத்திருக்கிறாய் போல. நான் பிரிக்கவில்லை. மூன்றாவது உறையில் சிவப்பில் ஏதோ அச்சடித்திருக்கிறது.

சோளம் இப்போது முழங்காலுக்குக் கீழே நிற்கிறது, மழை போதும் என்கிறார்கள். பக்கத்து ஊர் எக்ஸைராவின் பள்ளியோடு சேர்ந்த பிறகும் நம் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள், அதைப் பற்றித்தான் ஊரில் பேச்சு. கிம்பல்டனில் கடற்கன்னிச் சிலையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம், அக்கா மகன் நீரூற்றுக்குள் காசு போட்டான். என் முழங்கால் பரவாயில்லை. தூக்கம் மட்டும் வருவதில்லை. நீ தூங்குகிறாயா? தூங்கு. தபாலைச் சேர்த்து வைக்காதே.

ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று உனக்குக் கோபம் வரும். என் பாட்டியை, என் பெஸ்டமோரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், நீ அவரைப் பார்த்ததில்லை. 1918 மே மாதம் அயோவா கவர்னர் ஹார்டிங் பள்ளியில், ரயிலில், தொலைபேசியில், சர்ச்சில்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது என்று ஆணை போட்டார். சண்டை ஜெர்மனியோடு, வாய் மூடியது நாமும்தான். கிழக்கே ஸ்காட் கவுன்டியில் போனில் ஜெர்மன் பேசிய பெண்களைப் பணம் கட்ட வைத்தார்கள். ஒரே லைனில் பல வீடு இருந்த காலம், யார் ஒட்டுக் கேட்கிறார்கள் என்று தெரியாது, பெஸ்டமோருக்கு ஆங்கிலம் வராது, அதனால் தன் தங்கையோடு பேசுவதையே விட்டுவிட்டார். டிசம்பரில் ஆணையை நீக்கியாயிற்று. அதற்கப்புறம் அறுபது வருஷம் உயிரோடு இருந்தார், ஆனால் போனில் மட்டும் டேனிஷ் பேசவே இல்லை. மணி அடித்தால் எடுப்பார், "ஆம்", "இல்லை" என்பார், வைத்துவிடுவார். நீ போனை வைக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது. யார் உன்னைப் பேசக்கூடாது என்று சொன்னது, கண்ணா?

இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இரண்டு வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லிவிடுகிறேன்.

1980-ல் நாங்கள் அந்த எண்பது ஏக்கரை வாங்கியது உனக்குத் தெரியும். எல்லோரும் வாங்கினார்கள், பேங்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடன் கொடுத்தார்கள். தாத்தா பெஸ்டஃபார் வேண்டாம் என்றார், கேட்கவில்லை, கடனுக்கு அவருடைய நிலத்தையே பிணையாக வைத்தோம். 1981-ல் அயோவாவில் ஏக்கர் சராசரி 2,147 டாலருக்குப் போனது, 1986-ல் 787. வாங்கியபோது இருந்த கடன் அப்படியே இருந்தது, நிலத்தின் விலை மட்டும் கரைந்துபோனது, வட்டி ஏறிக்கொண்டே போனது. இதுவரைக்கும் நீ கேட்ட கதைதான். பேங்க்காரர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லாமல் நேராக ஷெரீஃப் ஆளை அனுப்பிவிட்டார் என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்ததையும் கேட்டிருக்கிறாய்.

அவர் சொல்லாமல் இல்லை. நான்கு கடிதம் எழுதினார்.

கணக்கு எழுதுவது நான்தானே. தபால் என் கைக்குத்தான் வரும். முதல் கடிதம் 1985 பிப்ரவரியில் வந்தது. உறையைப் பார்த்ததுமே வயிற்றைப் பிசைந்தது, நாளைக்குப் பிரிக்கலாம் என்று அடுப்புக்குக் கீழே இருக்கிற இழுப்பறையில் ஏபல்ஸ்கீவர் சட்டிக்கு அடியில் வைத்தேன். அப்பா அந்த இழுப்பறையைத் திறக்க மாட்டார். நாளை வந்தது, பிரிக்கவில்லை. அவர் அந்தக் குளிர்காலத்தில் சரியாகச் சாப்பிடவில்லை, ராத்திரி எழுந்து போய்ப் பன்றிக் கொட்டகையில் நிற்பார், இன்னும் ஒரு பாரத்தை அவர் தலையில் வைக்க மனசு வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எனக்குப் பயம். மார்ச்சில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று, மே மாதம் ஒன்று. சட்டியை எடுக்கும்போதெல்லாம் கையில் தட்டுப்பட்டது, அதனால் சட்டியை எடுப்பதையே நிறுத்தினேன். ஜூனில் ஷெரீஃப் ஆள் வந்தார்.

அன்று சாயங்காலம் பேங்க்காரர் நம் சமையலறையில் வந்து நின்றார். "நான்கு கடிதம் போட்டேனே, ஒன்றுக்காவது வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாமே" என்றார். அப்பா அவரைப் பொய்யன் என்றார். நான் அடுப்புப் பக்கத்தில், அந்த இழுப்பறை என் காலில் இடிக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. ஒரே சர்ச், ஒரே பாடகர் குழு, முப்பது வருஷத்துக்கு மேல் அப்பா அந்த மனிதர் முகத்தைப் பார்க்கவில்லை, அவருடைய அடக்கத்துக்கும் போகவில்லை. நான் போனேன். பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தேன், அங்கேயும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று பேங்க்காரர் கிளம்பிப் போன பிறகு ராத்திரி நான்கையும் பிரித்தேன். முதல் இரண்டும் மிரட்டலே இல்லை. வாருங்கள், உட்கார்ந்து பேசலாம், எண்பது ஏக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெரியவர் நிலத்தைக் காப்பாற்ற வழி இருக்கிறது என்று எழுதியிருந்தார். மூன்றாவதில் தேதி போட்டிருந்தார். நான்காவதில் அந்தத் தேதி தாண்டிவிட்டது. அடுப்பில் போட்டு எரித்தேன்.

ஆகஸ்டில் ஏலம். நீ ஒன்றரை வயதுக்குப் பக்கம், என் இடுப்பில். சில்லறைச் சாமான்களை வைக்கோல் வண்டியில் பரப்பியிருந்தார்கள், யார் எடுத்து வைத்தார்களோ, சட்டியும் அதில் போய்விட்டது. ஒரு டாலருக்குப் பக்கத்துப் பண்ணை அம்மா எடுத்தார், மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் படியில் சட்டி இருந்தது, துடைத்து எண்ணெய் தடவி. அக்டோபர் முதல் தேதி கவர்னர் பிரான்ஸ்டட் பண்ணைகளைக் கையகப்படுத்துவதைத் தள்ளிவைக்கக் கோர்ட்டில் கேட்கலாம் என்று அறிவித்தார். அப்பா ரேடியோவைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே போனார். டிசம்பரில் ஹில்ஸ் என்ற ஊரில் ஒரு விவசாயி பேங்க் தலைவரைச் சுட்டுக் கொன்று தன்னையும் சுட்டுக்கொண்டது செய்தித்தாளில் வந்த அன்று, துப்பாக்கி அலமாரியின் சாவியை எடுத்து மாவு டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். வசந்த காலம்வரை அங்கேயே இருந்தது. அப்பா ஒரு தடவையும் சாவி எங்கே என்று கேட்கவில்லை, தெரியும் என்று நினைக்கிறேன்.

அவரிடம் சொல்ல எனக்கு முப்பத்து நான்கு வருஷம் இருந்தது. 2019-ல் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி சொல்லத்தான் ஆரம்பித்தேன். நர்ஸ் வந்தாள், நிறுத்தினேன், அப்புறம் ஆரம்பிக்கவில்லை. நிலத்தைத் தொலைத்தவன் நான் என்று எலிவேட்டர் என்கிற தானியக் கிடங்கில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர் அவர், அது தெரிந்தும் தினம் காலையில் அவருக்குச் சாப்பாட்டுப் பெட்டி கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். அக்காவுக்கும் தெரியாது. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

இந்த மூன்று உறையில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், ஏதோ சந்தா, ஏதோ வரி. அப்படியானால் கிழவி எதையோ போட்டுக் குழப்பிக்கொண்டாள் என்று விட்டுவிடு, எனக்குச் சந்தோஷம்தான். அப்படி இல்லையென்றால், பேங்க் புத்தகத்தில் என் பெயரில் இருப்பது உனக்கும் அக்காவுக்கும்தான், இருக்கிறவரை கேள். பணத்தைவிட முக்கியம், கூட வந்து உட்கார ஒருத்தி இருக்கிறாள். நான் கணக்குப் பார்க்கத் தெரிந்தவள். எந்த ஆபீஸானாலும் சரி, பக்கத்து நாற்காலியில் உட்காருவேன், இந்தத் தடவை வாயைத் திறப்பேன்.

மெடிஸ்டர் சாஸேஜை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். உனக்கு மில்லில் அரைத்த மாவு ஒரு பையும் சட்டியும் இந்தப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஏழு குழியில் நடுக்குழி கொஞ்சம் சீக்கிரம் கருகும், அதற்கு மாவைக் கடைசியில் ஊற்று. முட்டை வெள்ளையைத் தனியாக அடித்துச் சேர்க்க மறக்காதே. மோர் இல்லாவிட்டால் பாலில் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்துகொள். செவ்வாயும் வியாழனும் மில்லில் இருப்பேன், மற்ற நாள் எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன், நடு ராத்திரி என்றாலும்.

கடிதம் மூன்றும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. சட்டிக்கு மேலே வைத்திருக்கிறேன், திறந்ததும் தெரியும்.

அம்மா