திமிங்கலம் பார்க்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உவரியிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனை அழைத்துக்கொண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள மான்டரே விரிகுடாவில் திமிங்கலம் பார்க்கப் படகேறப் போவதாகச் சொன்ன நாளிலிருந்தே உனக்கு விரிவாக எழுத நினைத்திருந்தேன்.

கச்சான் காற்று ஓய்ந்து கடல் அடங்கியிருந்த ஒரு காலையில், சித்தப்பாவோடு ஃபைபர் வள்ளத்தில் போய் வந்தேன். வலை எடுக்கவில்லை, பார்ப்பதற்காகவே போனோம். கப்பல் மாதா கோயில் கரையில் சிறிதாகத் தெரிந்த தொலைவில் ஆலாப் பறவைகள் கூட்டமாக நீரில் விழுந்து எழுவதைக் கண்டதும், கீழே சாளை மீன் மேய்கிறது, ஓங்கில் என்னும் டால்பினும் இருக்கும் என்று சொல்லிச் சித்தப்பா எஞ்சினை அணைத்துவிட்டார். சற்று நேரத்தில் ஓங்கில்கள் தாமாகவே எங்களிடம் வந்தன. ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் மேலெழுந்தது. உச்சந்தலையில் இருந்த பிறை வடிவ மூச்சுத்துளை திறந்து, மீன்வாடை அடிக்கும் வெதுவெதுப்பான மூச்சு என் முகத்தில் பட்ட மறுகணமே மூடிக்கொண்டது. அதன் முதுகுத் துடுப்பின் பின்விளிம்பில் ஒரு துண்டு இல்லை. ஏதோ வலையில் சிக்கித் தப்பியதாக இருக்கலாம். அப்பால் ஒரு குட்டி தாயின் விலாவை ஒட்டியே நீந்திக்கொண்டிருந்தது. எஞ்சின் ஓடியிருந்தால் இவற்றில் ஒன்றையும் கண்டிருக்க மாட்டோம்.

திமிங்கலமும் நுரையீரலால் மூச்சு விடும் உயிர் என்பதால், தொலைவிலிருந்து முதலில் தெரிவது அதன் மூச்சுதான். நீலத் திமிங்கலத்தின் மூச்சு சுமார் 9 மீட்டர் உயரத்துக்கு நெட்டுக்குத்தாக எழும். கூன்முதுகுத் திமிங்கலத்தினுடையது குட்டையாகப் பரந்து தெரியும். பின்னது ஆழத்துக்கு முங்கும்போது வாலை உயர்த்தும். வாலின் அடியில் உள்ள கறுப்பு வெள்ளைக் குறிகள் ஒவ்வொன்றுக்கும் வேறாக இருப்பதால், ஆய்வாளர்கள் அதை வைத்தே தனித்தனியாக அடையாளம் காண்கிறார்கள். பேரனுக்கு அதை மறவாமல் காட்டு. அங்கே கரைக்கு மிக அருகிலேயே கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. காற்று மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போக, ஆழத்திலிருந்து சத்து மிகுந்த குளிர்நீர் மேலே வந்து, கூனியும் சிறுமீனும் பெருகி, அவற்றைத் தேடித் திமிங்கலங்கள் வருகின்றன. கரையோரம் கடல் நீர்நாய்கள் கெல்ப் பாசியை உடலில் சுற்றிக்கொண்டு மிதந்தபடி தூங்குவதையும் பாருங்கள்.

திமிங்கலத்தை விரட்டிப் போகும் படகில் மட்டும் ஏறாதே. பெரும்பாலான திமிங்கலங்களிடமிருந்து 100 கஜமாவது விலகி நிற்க வேண்டும் என்பது அந்நாட்டின் நெறி. 2016 ஜனவரியில் மணப்பாட்டை ஒட்டிய கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியது உனக்கு நினைவிருக்கும். 1973 ஜனவரியிலும், தூத்துக்குடி நம் திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருந்த காலத்தில், அதே கடலோரத்தில் இப்படி ஒரு பெருங்கூட்டம் ஒதுங்கியது. 2016-இல் நம் மீனவர்கள் கயிறு கட்டி வள்ளத்தால் இழுத்து ஆழத்தில் விட்டும், அவற்றில் பல கரைக்கே திரும்பி வந்தன. கூட்டத்தை விட்டுப் பிரியாத இயல்பு அவற்றுக்கு உண்டு. அன்று மணலில் கிடந்தவற்றின் மூச்சு இடைவெளி நீண்டுகொண்டே போனதை அருகில் நின்று கேட்டவன் நான். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

அந்தக் கடல் கோடையிலும் குளிரும். பேரனுக்குக் கம்பளிச் சட்டையும், குமட்டலுக்கு இஞ்சி மிட்டாயும் எடுத்துக்கொள். எந்தத் திமிங்கலத்தைக் கண்டீர்கள், எவ்வளவு நேரம் முங்கியிருந்தது, குட்டி உடன் இருந்ததா என்பதையெல்லாம் அவனையே தமிழில் எழுதி அனுப்பச் சொல். எழுத்துப் பிழை இருந்தாலும் திருத்தாதே.

அன்புடன்,
அப்பா