பிக் டென் அட்டவணை போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் அமெரிக்கக் கால்பந்து ஆடும் உங்கள் பிக் டென் லீக்கில், நான் இந்தியானா அணியின் பக்கத்து ஆள். 2025 டிசம்பரில் லீக் இறுதி ஆட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட்டை 13-10 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியவர்கள் நாங்கள், அதனால் தோற்றவன் புலம்புகிறான் என்று இந்த மடலை மடித்து ஓரம் வைக்க முடியாது.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், அணிகளைக் கிழக்கு மேற்கு என்று இரண்டு பிரிவாகப் பிரித்து, இரண்டிலும் முதலில் வந்தவர்களை இறுதி ஆட்டத்தில் மோதவிட்ட காலமும் நியாயமாக இல்லை. ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன், பென் ஸ்டேட், மிச்சிகன் ஸ்டேட் எல்லாரையும் ஒரே பக்கம் அடைத்து, எங்களையும் அங்கேயே தள்ளினீர்கள். 2014 முதல் 2023 வரை பத்து இறுதி ஆட்டம், பத்திலும் ஜெயித்தது கிழக்குதான். 2014இல் மேற்கிலிருந்து வந்த விஸ்கான்சின் 59-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது. பிரிவுகளை எடுத்ததில் எனக்குச் சண்டையே இல்லை.

எடுத்த இடத்தில் என்ன வைத்தீர்கள்? 18 அணி, ஆளுக்கு 9 ஆட்டம். எட்டு அணிகளின் முகத்தையே பார்க்காமல் சீசன் முடிகிறது, ஆனால் எல்லாரையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தி, முதல் இரண்டு பேரை இறுதி ஆட்டத்துக்கு அனுப்புகிறீர்கள். 2024இல் இரண்டாம் இடத்துக்குப் பென் ஸ்டேட்டும் நாங்களும் சமமாக நின்றோம், 8-1, அதாவது எட்டு வெற்றி, ஒரு தோல்வி. இரண்டு பேருமே ஒஹாயோ ஸ்டேட்டிடம்தான் தோற்றோம், எங்களுக்குள் மோதவே இல்லை, இருவரும் பொதுவாக ஆடிய அணிகளை வைத்துப் பார்த்தாலும் சமம். கடைசியில் யாருடைய எதிரணிகள் அதிகம் ஜெயித்தன என்று கூட்டிப் பார்த்து பென் ஸ்டேட்டை இறுதி ஆட்டத்துக்கு அனுப்பினீர்கள். அந்த எதிரணிகளை நாங்களா தேர்ந்தெடுத்தோம்? நீங்கள் போட்ட அட்டவணைதானே! 2025இல் 9-0 என்று இரண்டே இரண்டு அணி மிஞ்சியதால் தப்பித்தீர்கள், மூன்றாவதாக ஒன்று வந்திருந்தால் மறுபடியும் கூட்டல் கழித்தல்தான்.

(பயணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. கிழக்கே பகல் 12 மணி ஆட்டம் என்றால் நம் லீக்கில் மேற்குக் கோடியில் இருக்கிற லாஸ் ஏஞ்சலஸ் அணிப் பையன்களின் உடம்புக்கு அது காலை 9 மணி.)

சரி, என்ன செய்யலாம்? ஒன்பதில் ஒரு ஆட்டத்தைக் காலியாக விடுங்கள். நவம்பரில் மேலே நிற்கிற அணிகளில் இன்னும் மோதாதவர்களைப் பார்த்து ஜோடி சேருங்கள். ஓட்டல், விமானம், டிக்கெட் எல்லாம் சிக்கல் என்பீர்கள். 2020இல் பெருந்தொற்றுக்கு நடுவிலேயே கடைசி வாரத்தைத் தரவரிசைப்படி ஜோடி சேர்ப்பதாக நீங்களேதானே அறிவித்தீர்கள்! அதே வருடம், இறுதி ஆட்டத்துக்கு ஆறு ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதிய விதியை, ஒஹாயோ ஸ்டேட் ஐந்தோடு நின்றதும் டிசம்பர் 9ஆம் தேதி எடுத்துவிட்டீர்கள். விதி நின்றிருந்தால் போயிருக்க வேண்டியது நாங்கள். (அவர்களிடம் 42-35 என்று தோற்றிருந்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.) ஒரு அணிக்காக சீசன் நடுவில் வளையத் தெரிந்தவர்களுக்கு, எல்லா அணிக்குமாக முன்கூட்டியே வளைவதா கஷ்டம்?

ஒன்று மட்டும். காலி வாரத்தைக் கடைசி வாரத்துக்கு முன்னால் வையுங்கள். கடைசி வாரம் எங்கள் பரம எதிரி பர்டூவோடு ஆடியாக வேண்டும், 1925இலிருந்து கோப்பையாக வைத்திருக்கிற அந்தப் பழைய மர வாளிக்காக அடித்துக்கொள்கிறோம், அதில் கை வைத்தால் அடுத்த மடல் இவ்வளவு மரியாதையாக இருக்காது.