கலப்பத்து என்றால் பஞ்சு திணிப்பதல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் தோணி பற்றிய கட்டுரையில், “இடுக்குகளில் பஞ்சைத் திணித்துத் தார் பூசிவிட்டால் ஒரு சொட்டு நீர் புகாது” என்றொரு வரி. தலையணைக்குச் சொல்ல வேண்டிய பக்குவத்தைத் தோணிக்குச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

இந்த வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். அரபியிலும் போர்த்துக்கீசியத்திலும்கூட இதற்கு உறவுச் சொற்கள் உண்டு. தமிழில் சொல்லே இல்லாததுபோல் ‘காக்கிங்’ என்று எழுதுவானேன்?

பலகைகள் உள்பக்கம் மரத்தோடு மரம் ஒட்டி நிற்க வேண்டும். வெளிமுகத்தில் மட்டும் இடுக்கின் வாய் திறந்திருக்கும். 2 அங்குலப் பலகைக்கு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. உள்ளேயும் திறந்திருந்தால் அடிக்கிற பஞ்சு தோணிக்குள் போய் விழும். பஞ்சை எண்ணெயில் தோய்த்துத் திரியாக முறுக்கி, சிறுசிறு மடிப்பாக உளியால் உள்ளே தள்ளி, அப்புறம் மொட்டை உளி வைத்துக் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் இறுக்க வேண்டும். வாய் அகன்ற இடத்தில் மடிப்பு நெருக்கமாக, ஒடுங்கிய இடத்தில் விட்டுவிட்டு. இறுகியதும் கொட்டாப்புளிச் சத்தமே மாறும். அந்த வேலையில் நின்ற காதுக்கு அது போதும். தளர அடித்தால் அலையில் பலகை அசைந்து பஞ்சு பிதுங்கும். வெறிகொண்டு அடித்தால் அதைவிடக் கேடு: தண்ணீரில் மரம் ஊறிப் பருக்க இடமில்லாமல் ஆணி இழுக்கும், வங்கு (தோணியின் விலா மரம்) தளரும். மேலே குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சிய பூச்சு. எண்ணெய் குறைந்தால் வெயிலில் பொரிந்து உதிரும், கூடினால் வழியும்.

“ஒரு சொட்டு” வேறு! புதுத் தோணி கடலில் இறங்கிய முதல் சில நாள் கசியத்தான் செய்யும். மரம் ஊறினால்தான் வாய் மூடும்.

அதே மூச்சில் கடற்படையின் கௌண்டின்யாவையும் இழுத்திருக்கிறார். 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்ந்த அந்தக் கப்பல் கயிற்றால் தைத்தது. அதற்குத் தேங்காய் நாரும் பிசினும்தான் அடைப்பு. அங்கே உளி வைத்து அடித்தால் பலகை விலகித் தையல் அறும். இரண்டும் வேறு வேறு தொழில் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

இது முதல் தடவையும் அல்ல. போன வருஷம் “கட்டுமரத்தில் ஓட்டை விழுந்து நீர் புகுந்தது” என்று செய்தி போட்டீர்கள். கட்டைகளைச் சேர்த்துக் கட்டியதுதான் கட்டுமரம். இடையில் தண்ணீர் ஏறி இறங்குவது அதன் பிறவிக் குணம். அப்போது எழுதிய கடிதம் அச்சேறவில்லை. இடப் பற்றாக்குறை என்று எடுத்துக்கொண்டேன். அதே பக்கத்தில் ராசிபலன் முக்கால் பக்கம் வந்திருந்தது.

கட்டுரையைத் திருத்தச் சொல்லவில்லை. அந்தப் படத்தில் தோளில் பஞ்சுத் திரியைப் போட்டுக்கொண்டு, இடது கையில் உளி பிடித்து நிற்பவருக்குக் கீழே “ஆணி அடிக்கும் தொழிலாளி” என்றிருக்கிறது. அடுத்த இதழில் “கலப்பத்துக்காரர்” என்று ஒரு வரி போடவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கலப்பத்து மேஸ்திரி,
தூத்துக்குடி