போர்ப்பட வாரத் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள திரைப்படச் சங்கத் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். வரப்போகும் போர்ப்பட வாரத்துக்கு நீங்கள் அனுப்பிய பட்டியலையும் அதற்கு வகுத்திருக்கும் அளவுகோல்களையும் படித்தேன். போர்க்களக் காட்சிகளின் பிரம்மாண்டம், சீருடையும் ஆயுதமும் அந்தக் காலத்தோடு பொருந்துவது, ஒலியமைப்பு, நாயகனின் வீரம் என்று நான்காகப் பிரித்து மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள். நான்கிலும் முழு மதிப்பெண் வாங்கும் ஒரு படம் போரைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் முடிந்துவிடலாம். இதைக் குழுவோடு மட்டும் பேசி முடிக்க மனம் வரவில்லை. படம் பார்க்க வருகிற எல்லோரும் விவாதிக்க வேண்டிய விஷயம் என்பதால் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

துல்லியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1998இல் வந்த 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தில், அமெரிக்கப் படை பிரான்சின் ஒமாஹா கடற்கரையில் இறங்கும் காட்சியில் ஒரு சிப்பாய் அறுந்து கிடக்கும் தன் கையைத் தேடி எடுத்துக்கொண்டு நடப்பான். அதைப் பார்த்த பிறகு பழைய படங்களின் சுத்தமான சாவுகளை நம்ப முடியாமல் போயிற்று. அந்த அளவுக்குத் துல்லியம் உதவும். ஆனால் உங்கள் அளவுகோல் அதோடு நின்றுவிடுகிறது. என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: துப்பாக்கி பிடிக்காதவர்கள் மீது, அதைப் பிடிக்க வைக்கப்பட்ட சிறுவர்கள் மீது, இந்தப் படம் எவ்வளவு நேரம் கண்ணை வைத்திருக்கிறது?

எலெம் கிளிமோவ் இயக்கிய சோவியத் படமான 'கம் அண்ட் சீ' (1985) உங்கள் பட்டியலில் இல்லை. 1943இல் ஜெர்மானியர் பிடியில் இருந்த பெலாரூஸில் நடக்கும் கதை. மணலைத் தோண்டித் துப்பாக்கி எடுத்து, கெரில்லாப் படையில் சேரப் போகும் ஃப்ளோரியா என்ற சிறுவன்தான் நாயகன். உங்கள் கணக்கில் அவனுக்கு வீரத்துக்காக மதிப்பெண் ஏதும் தேறாது.

அதில் ஒரு காட்சியைச் சொல்கிறேன். கிளாஷா என்ற பெண்ணோடு ஃப்ளோரியா ஊருக்குத் திரும்புகிறான். வீட்டில் அம்மாவும் இல்லை, தங்கைகளும் இல்லை. அடுப்பில் சூப் இன்னும் சூடாக இருக்கிறது. இருவரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். தரையில் தங்கைகளின் பொம்மைகள் கிடக்கின்றன. ஈ மொய்க்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. எல்லோரும் சதுப்பு நிலத்தின் நடுவே உள்ள தீவுக்குப் போயிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு அவன் ஓடுகிறான். பின்னால் ஓடும் கிளாஷா ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறாள். வீட்டுச் சுவரை ஒட்டி ஊராரின் உடல்கள் குவிந்து கிடக்கின்றன. கேமரா அங்கே நிற்பது சில நொடிதான். அவன் பார்க்கவில்லை, அவள் பார்த்துவிட்டாள், நாமும் பார்த்துவிட்டோம். தெரிந்ததை வாய்க்குள் அடக்கிக்கொண்டு அவள் அவன் பின்னால் ஓடுகிறாளே, அந்த ஓட்டத்துக்கு ஈடான போர்க்களக் காட்சி ஒன்றை எனக்கு யாராவது காட்டுங்கள். அதில் ஒரு குண்டுகூட வெடிப்பதில்லை.

இதெல்லாம் கற்பனையில் வந்துவிடாது. திரைக்கதையில் கிளிமோவோடு சேர்ந்து எழுதிய அலெஸ் அடமோவிச் பதின்ம வயதில் தானே பெலாரூஸ் காடுகளில் கெரில்லாவாக இருந்தவர். கிளிமோவ் ஸ்டாலின்கிராடில் பிறந்து, சிறுவனாக அந்த நகரம் எரிவதைப் பார்த்தபடி வோல்காவைக் கடந்து தப்பியவர். சோவியத் அதிகாரிகள் இந்தப் படத்தை எடுக்கவிடாமல் பல ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். படத்தின் முடிவில், மக்களோடு சேர்த்து எரிக்கப்பட்ட பெலாரூஸ் கிராமங்கள் 628 என்று எழுத்தில் வரும். அந்த எண்ணைப் படிக்கும்போது நமக்கு அந்த வீட்டுச் சூப்பும் பொம்மையும் ஞாபகம் இருக்கும். எண்ணிக்கையை நெஞ்சில் தைக்க வைக்க இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அதிகாரத்தில் இருப்பவர்கள் எந்தப் போர்ப்படத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள். 1930 டிசம்பரில், முதல் உலகப் போரை ஜெர்மன் சிப்பாய்களின் கண்ணால் காட்டிய 'ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்' பெர்லினில் திரையிடப்பட்டபோது நாஜிகள் அரங்குக்குள் வெள்ளெலிகளையும் நாற்றக் குண்டுகளையும் விட்டுக் கலாட்டா செய்தார்கள். சில நாட்களில் படமே தடை செய்யப்பட்டது. முதல் உலகப் போரில் தன் சிப்பாய்களையே சுட்டுக் கொன்ற பிரெஞ்சுத் தளபதிகளைக் காட்டிய 'பாத்ஸ் ஆஃப் குளோரி' 1957இல் வந்தது. பிரான்சில் அது திரைக்கு வர 1975 ஆயிற்று.

வியட்நாம் போரைப் பற்றிய 'அப்போகலிப்ஸ் நவ்' (1979) உங்கள் பட்டியலில் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அறிமுகத் தாளில் அமெரிக்க ஹெலிகாப்டர் தாக்குதலின் பரபரப்பை மட்டுமே புகழ்ந்திருக்கிறீர்கள். அதன் பின்னணியில் ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் இசை உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது படம் சட்டென்று வெட்டி ஒரு வியட்நாம் கிராமத்துப் பள்ளி முற்றத்துக்குப் போகும். அங்கே அமைதி. பிள்ளைகளை அவசரமாக வெளியே கூட்டிப் போகிறார்கள். பிறகுதான் தூரத்தில் அந்த இசை கேட்கத் தொடங்கும். அந்தச் சில நொடி மட்டும் இல்லையென்றால் அது வெறும் சாகசக் காட்சி. உங்கள் தாளில் அந்தப் பள்ளிக்கூடம் இடம்பெறவே இல்லை.

இனி, உங்கள் பட்டியலில் முதலிடம் பிடித்திருக்கும் 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்'. டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்து ஏழு ஆஸ்கார் வாங்கிய படம். இலங்கையில் கித்துல்கலவில், களனி ஆற்றங்கரையில் படமாக்கினார்கள். ஜப்பானியரிடம் போர்க்கைதியான பிரிட்டிஷ் கர்னல் (அலெக் கின்னஸ்), எதிரிக்காகக் கட்டும் ரயில் பாலத்தைத் தன் மானமாகவே நினைக்கத் தொடங்கும் அந்தச் சரிவு சினிமாவின் பெரிய சாதனைகளில் ஒன்று. அதில் எனக்கு மறுபேச்சே கிடையாது.

ஆனால் அந்தப் பாலம் சேர்ந்த ரயில்பாதையை ஜப்பானிய ராணுவத்துக்காக உண்மையில் போட்டவர்கள் யார்? சயாமின் (இன்றைய தாய்லாந்து) பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேல். அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களோடு இழுத்து வரப்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 2 லட்சம் பேர். அவர்களில் இறந்தவர்களைப் பல மதிப்பீடுகள் 90,000 அளவில் வைக்கின்றன. பெயர் எழுதி வைக்க ஆள் இல்லாததால் மதிப்பீடு மட்டுமே மிச்சம். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர் என்று பலரும் இருந்த அந்தக் கூட்டத்தில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பெரும்பங்கு. மலேசியத் தமிழர்கள் அதைச் சயாம் மரண ரயில் என்றே இன்றும் சொல்கிறார்கள்.

போரால் ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாத நேரம். கூலி தருகிறோம், சில மாதத்தில் திரும்பலாம் என்று ஜப்பானியர்கள் ஆசை காட்டிக் கூட்டிப் போனார்கள். ஆள் வராதபோது பிடித்துப் போனார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கொட்டகைக்கு வரவழைத்து, கதவை அடைத்து, அப்படியே ரயிலில் ஏற்றியதாகக்கூட அக்காலக் குறிப்புகளில் உண்டு. சினிமாவை நேசிக்கும் நாம் இதை ஒரு முறையாவது நின்று யோசிக்க வேண்டாமா? 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. போர்க்கைதிகளிடம் சொந்த மருத்துவர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் இருந்தது. அத்தாப்பு ஓலை வேய்ந்த கொட்டகைகளில் குழந்தை குட்டிகளோடு கிடந்த தமிழர்களுக்கு இரண்டும் இல்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாக, பெயரோடு, புல் வெட்டிப் பராமரிக்கப்படுகின்றன. நம்மவர்கள் குழியில் கொத்தாகப் போனார்கள்.

லீனின் படத்தில் இவர்களுக்கு இடமில்லை. அதனால் படத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லவில்லை. முதலிடம் தரும்போது அது யாரை விட்டுவிட்டது என்று சொல்லித் தாருங்கள் என்கிறேன். தமிழ் படித்த நமக்கு இது புதிய பார்வையும் இல்லை. பாரி மகளிரின் புறநானூற்றுப் பாட்டில் வாளும் இல்லை, யானையும் இல்லை. போன மாதத்து நிலவும் இந்த மாதத்து நிலவும்தான் இருக்கின்றன. அதற்கு மேல் பாரியின் பறம்பு மலையின் வீழ்ச்சியை யார் பாடிவிட்டார்கள்?

கேட்பது மூன்று. நாயகனின் வீரத்துக்கான மதிப்பெண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போரில் அகப்பட்ட சாதாரண மக்களை வையுங்கள். 'கம் அண்ட் சீ' படத்தைச் சேருங்கள். இடம் போதாவிட்டால், ஒரே கடற்படைச் சண்டையைப் பற்றிப் பட்டியலில் இருக்கும் இரண்டு படங்களில் ஒன்றை எடுக்கலாம். மூன்றாவது, குவாய் படம் ஓடும் மாலையில் சயாம் ரயிலுக்குப் போன குடும்பங்களைச் சேர்ந்த ஒருவரை மலேசியாவிலிருந்து காணொளி வழியாகவாவது பேச அழையுங்கள். அன்றைய அறிமுகத் தாளை எழுத ஆள் இல்லையென்றால் நான் எழுதித் தருகிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகாது.

அன்புடன்,
சங்க உறுப்பினர் ஒருவர்